97 எக்ஸ்: பாட்டுக்கு இல்லாத விலை அலைவரிசைக்கு

1988இல் வந்த 'ரெயின் மேன்' படத்தில் கார் ரேடியோவில் ஒரு நிலையத்தின் விளம்பரக் குரல் கேட்கும். டஸ்டின் ஹாஃப்மன் நடித்த ரேமண்ட் அதைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார். "நயன்டி செவன் எக்ஸ், பாம்! தி ஃப்யூச்சர் ஆஃப் ராக் அண்ட் ரோல்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார். படம் நான்கு ஆஸ்கர் வாங்கியது, உலகம் முழுக்க ஓடியது, அந்த வரியைக் கேட்காதவர்கள் குறைவு. ஆனால் அது திரைக்கதைக்காக எழுதிய வரி இல்லை. ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில், 3,000 வாட் மட்டுமே சக்தி கொண்ட ஒரு எஃப்எம் நிலையம் தினமும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வரி.

அந்த நிலையத்தின் அதிகாரபூர்வ அழைப்பெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் வாக்ஸி. அலைவரிசை 97.7. ஊர்க்காரர்களுக்கு 97 எக்ஸ். அது ஏன் மூடப்பட்டது என்று கேட்டால் பெரும்பாலும் "அந்த மாதிரி பாட்டை யார் கேட்கிறார்கள், வருமானம் இல்லை, மூடிவிட்டார்கள்" என்ற பதில்தான் வரும். எனக்கு இந்தப் பதில் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். அந்த நிலையம் எஃப்எம்மில் ஒரு முறை, இணையத்தில் இரண்டு முறை என்று மூன்று தடவை மூடப்பட்டது. ஒரு தடவைகூட 'யாரும் கேட்கவில்லை' என்பது காரணம் இல்லை.

முதலில் ஊர். ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பது மயாமி பல்கலைக்கழகம். ஃப்ளோரிடாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1809இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது, ஃப்ளோரிடா ஒரு மாநிலமாக ஆனதே 1845இல்தான். சின்சினாட்டியிலிருந்து வடமேற்கே ஐம்பது அறுபது கிலோமீட்டர். கொஞ்சம் வடகிழக்கே டேட்டன் நகரம். சுற்றிலும் சோளமும் சோயாவும் விளையும் நிலம், நடுவில் ஒரு கல்லூரி ஊர். 3,000 வாட் எஃப்எம் என்பது ஏறக்குறைய இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்குத் தெளிவாகக் கேட்கும், அதற்கு மேல் போனால் இரைச்சல், மேடு பள்ளம் வந்தால் அதுவும் இல்லை. ஆக, சின்சினாட்டியில் இருந்தவர்களுக்கு 97 எக்ஸ் கிடைத்தும் கிடைக்காமலும் இருந்த நிலையம். வீட்டில் எந்த ஜன்னலோரம் ரேடியோவை வைத்தால் வரும், நெடுஞ்சாலையில் எந்த இடம் தாண்டினால் பிடிக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு கேட்க வேண்டும். கஷ்டப்பட்டுக் கேட்டதால்தான் அத்தனை பாசமோ என்னவோ.

1959இல் தொடங்கிய நிலையம் அது. 1981இல் டக் பலோ, லிண்டா பலோ தம்பதி 3,75,000 டாலருக்கு வாங்கினார்கள். முதலில் அவர்களும் எல்லாரையும் போல ஹிட் பாடல்களைத்தான் போட்டார்கள். 1983 செப்டம்பரில் மொத்தமாக மாற்றி, அப்போது 'மாடர்ன் ராக்' என்று சொல்லப்பட்ட பக்கம் போனார்கள். முதல் பாட்டு யு2 குழுவின் 'சண்டே ப்ளடி சண்டே'.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் இடறும் இடம் இது. இது கல்லூரி மாணவர்கள் பொழுதுபோக்காக நடத்திய நிலையம் இல்லை. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமும் இல்லை. விளம்பரம் பிடித்து, சம்பளம் கொடுத்து, கடனைக் கட்டி நடத்திய முழு வணிக நிலையம். கல்லூரி ரேடியோவில் புதுப் பாட்டு போடுவது பெரிய விஷயமில்லை, நஷ்டம் என்று ஒன்று அங்கே கிடையாது. வாரக் கடைசியில் விளம்பரதாரருக்குப் பில் அனுப்ப வேண்டிய நிலையத்தில் யாரும் கேள்விப்படாத இசைக்குழுவை மதியம் இரண்டு மணிக்குப் போடுவது வேறு விஷயம்.

1983 என்ற வருடத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். ஆர்.இ.எம். குழுவின் முதல் முழு ஆல்பம் அந்த ஏப்ரலில்தான் வந்தது. வயலன்ட் ஃபெம்ஸின் முதல் ஆல்பம் அதே வருடம். நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே' அதே வருடம். ஸ்மித்ஸ் அப்போதுதான் சிங்கிள் போட ஆரம்பித்திருந்தார்கள். இன்றைக்கு இதெல்லாம் பாடப்புத்தகத்தில் வரும் பெயர்கள். அன்றைக்கு அமெரிக்காவின் பெரிய ராக் நிலையங்கள் லெட் ஸெப்பலினையும் அது போன்ற எழுபதுகளின் சரக்கையும் சுழற்றிச் சுழற்றிப் போட்டுக்கொண்டிருந்தன. புதிதாக வந்ததைப் போட்ட வணிக நிலையங்களை விரல் விட்டு எண்ணலாம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் கேராக். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் டபிள்யூஎல்ஐஆர், அது 1982 ஆகஸ்டில் இந்தப் பாதைக்கு வந்தது, இங்கிலாந்திலிருந்து இசைத்தட்டுகளை வரவழைத்து அமெரிக்க கம்பெனிகள் வெளியிடும் முன்பே போட்டுவிடும். பாஸ்டன் பக்கத்தில் 'பாஸ்டன் ஃபீனிக்ஸ்' வாரப் பத்திரிகைக்காரர்கள் 1983இல் தொடங்கிய டபிள்யூஎஃப்என்எக்ஸ். வாஷிங்டனை ஒட்டி டபிள்யூஎச்எஃப்எஸ். இன்னும் ஒன்றிரண்டு. இவை எல்லாமே பெருநகரங்களின் ஓரத்தில் இருந்தவை, கோடிக்கணக்கான ஜனங்கள் நடுவில். சோளக் கொல்லைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தது 97 எக்ஸ். பில்போர்ட் பத்திரிகை இந்த வகைக்கென்று தனிப் பட்டியல் போட்டதே 1988 செப்டம்பரில்தான், அதாவது இவர்கள் ஆரம்பித்து முழுசாக ஐந்து வருடம் கழித்து.

அந்த வட்டாரம் அடுத்த சில வருடங்களில் என்னென்ன கொடுத்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சின்சினாட்டியிலிருந்து ஆஃப்கன் விக்ஸ். டேட்டனிலிருந்து கைடட் பை வாய்ஸஸ், அதன் தலைவர் ராபர்ட் பொல்லார்ட் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் பதிவு செய்தவர். கிம் டீலும் கெல்லி டீலும் டேட்டன்காரர்கள்தான், ப்ரீடர்ஸ் குழுவின் 'கேனன்பால்' 1993இல் உலகமெங்கும் ஓடியது. பிற்பாடு நியூயார்க்கில் கூடிய த நேஷனல் குழுவின் ஆட்களும் சின்சினாட்டியில் வளர்ந்தவர்கள். இவர்களை எல்லாம் 97 எக்ஸ் உருவாக்கியது என்று சொன்னால் அது ரசிகனின் மிகை. ஆனால் பக்கத்து ஊர்ப் பையன்களின் பாட்டு, ஸ்மித்ஸுக்கும் க்யூருக்கும் நடுவில், அதே மரியாதையோடு ஒலிபரப்பாகும் ஒரு நிலையம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சின்ன விஷயமில்லை. கிடார் வாங்கிய பதினாறு வயதுப் பையனுக்கு அது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

அப்புறம் 'மாடர்ன் ராக் 500'. மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறையில் பக்கத்து மாநிலத்தில் இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயம் நடக்கும். அதைக் கிண்டலடிக்கிற மாதிரி, அதே விடுமுறையில் 500 பாட்டுகளைக் கடைசியிலிருந்து முதலிடம் வரை எண்ணிக்கொண்டே வருவார்கள். நாள்கணக்கில் ஓடும். நேயர்கள் பட்டியலைக் கையால் எழுதி வைத்துக்கொள்வார்கள், கேசட்டில் பதிவு செய்வார்கள், எந்தப் பாட்டு எத்தனை இடம் சரிந்தது என்று சண்டை போடுவார்கள். பட்டியல் போடுவது சோம்பேறித்தனமான விமர்சனம் என்பது என் பொதுவான கருத்து. ஆனால் ஒரு வட்டாரமே ஒரே நேரத்தில் ஒரே பட்டியலைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அது வேறொன்றாக ஆகிவிடுகிறது. இன்று யாருக்கும் வாய்க்காதது அதுதான். ஆளுக்கொரு பட்டியலை ஆப் தயாரித்துக் கொடுக்கிறது, சண்டை போட ஆள் இல்லை.

1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்தது, 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்குப் போனது, அதற்கு மேல் ஆல்டர்னேட்டிவ், அதாவது மாடர்ன் ராக்குக்குப் பிற்பாடு வழங்கிய பெயர், காசு பார்க்கும் பண்டம். ஊருக்கு ஊர் ஆல்டர்னேட்டிவ் நிலையங்கள் முளைத்தன. இதில் 97 எக்ஸுக்கு லாபமா நஷ்டமா என்றால், இரண்டும்தான். ஆனால் அடி வந்தது இசைப் பக்கத்திலிருந்து இல்லை, சட்டத்திலிருந்து. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு கம்பெனி நாடு முழுக்க இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. பெரிய நகரங்களில் ஒரே கம்பெனி எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆக்கியது. சில வருடங்களில் க்ளியர் சானல் என்ற ஒரே கம்பெனியிடம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. சின்சினாட்டிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தலைமையகம் வைத்திருந்த ஜேக்கார் கம்பெனியையும் அது 1999இல் விழுங்கியது. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரே ஒரு எஃப்எம்மை நடத்துவது என்பது திடீரென்று விசித்திரமான காரியமாக ஆகிவிட்டது. ஆனாலும் நடத்தினார்கள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை பாராட்டும் அளவுக்கு நடத்தினார்கள். 1998இலேயே இணையத்திலும் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டார்கள், வீட்டுக்கு வீடு டயல்-அப் மோடம் இரைந்துகொண்டிருந்த காலத்தில்.

2004 ஜனவரியில் விற்றார்கள். வாங்கியது டல்லாஸைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் பிராட்காஸ்டிங் என்ற முதலீட்டு நிறுவனம். விலை 56 லட்சம் டாலர். நன்றாகக் கவனியுங்கள், பெயரை வாங்கவில்லை, பாட்டு நூலகத்தை வாங்கவில்லை, ஆட்களை வாங்கவில்லை. அதெல்லாம் பலோ தம்பதியிடமே இருந்தது. வாங்கியது 97.7 என்ற எண்ணையும் அதன் உரிமத்தையும் மட்டும்.

இது புரிய வேண்டுமென்றால் அமெரிக்க வானொலி உரிமம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் எஃப்சிசி என்ற அரசு அமைப்பு ஓர் ஊரைச் சொந்த ஊராகக் குறித்துக் கொடுக்கும். வாக்ஸிக்கு ஆக்ஸ்ஃபோர்ட். ஆனால் விண்ணப்பம் போட்டு, பக்கத்து அலைவரிசைகளோடு மோதாமல் கணக்குக் காட்டினால், அந்தச் சொந்த ஊரை மாற்றிக்கொள்ளலாம். சின்ன ஊரில் கிடக்கும் உரிமத்தை வாங்கி, கோபுரத்தைப் பெரிய நகரத்தின் பக்கம் நகர்த்தி, பெரிய விலைக்கு விற்பது அந்த நாட்களில் நன்றாக ஓடிய தொழில். ஓட்டு வீட்டை மனைக்காக வாங்கி இடிப்பது நமக்குத் தெரியும்தானே, அதேதான். 97.7இன் சொந்த ஊர் சின்சினாட்டியின் புறநகரான மேசனுக்கு மாறியது. இருபதாயிரம் சொச்சம் பேர் உள்ள ஊரிலிருந்து இருபது லட்சம் பேர் உள்ள சந்தைக்கு. அந்த 56 லட்சமும் அந்தத் தூரத்துக்கான விலை. இருபது வருடம் 97 எக்ஸ் என்ன பாட்டுப் போட்டது என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு சென்ட்கூடக் கிடையாது, கெட்ட பாட்டாகப் போட்டிருந்தாலும் இதே விலைதான்.

பலோ தம்பதியை இதற்காகத் திட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இருபத்து மூன்று வருடம் உழைத்தவர்கள் ஓய்வு பெறும் நேரத்தில் பதினைந்து மடங்கு விலை வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? திட்ட வேண்டுமானால் அந்த விலையை உருவாக்கிய விதிகளைத் திட்டலாம்.

2004 மே 13 அன்று எஃப்எம் ஒலிபரப்பு நின்றது. இணையத்தில் மட்டும் தொடரும் திட்டத்துக்குப் பணம் தேடி, கிடைக்காமல், எல்லாமே முடிந்தது என்றுதான் அறிவித்திருந்தார்கள். கடைசி நேரத்தில் பெயர் சொல்ல விரும்பாத முதலீட்டாளர்கள் வந்தார்கள், அந்தக் கோடையிலேயே வாக்ஸி டாட் காம் என்று மீண்டும் ஆரம்பித்தார்கள். பழைய டிஜேக்கள், பழைய நூலகம். நான் கேட்க ஆரம்பித்தது இதற்கெல்லாம் பிறகுதான். ஒஹாயோவுக்குப் போனதில்லை, எஃப்எம்மில் ஒரு நொடிகூடக் கேட்டதில்லை. அங்கே காலை நிகழ்ச்சி ஓடும்போது எனக்கு மாலை; வேலை முடிகிற நேரத்துக்கு எதிர்ப்பக்கத்தில் யாரோ உற்சாகமாகக் குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருப்பார். ஸ்டுடியோவுக்கே குழுக்களை வரவழைத்து வாசிக்க வைக்கும் 'லவுஞ்ச் ஆக்ட்' என்ற பகுதிக்காகவே காத்திருந்து கேட்டிருக்கிறேன். மனிதர் ஒருவர் அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார், ஏன் என்று இரண்டு வரி சொல்கிறார், சில நேரம் சொதப்புகிறார் — அந்தச் சுகத்துக்கு எந்த அல்காரிதமும் ஈடில்லை என்பதில் நான் பிடிவாதக்காரன்.

ஆனால் இணையம் என்றால் மலிவு என்று நாம் நினைப்போம், அங்கேதான் விஷயம். அமெரிக்காவில் எஃப்எம் நிலையம் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி கட்டும், பாடியவருக்கோ ரெக்கார்டு கம்பெனிக்கோ எதுவும் கட்ட வேண்டியதில்லை. கோபுரத்துக்குக் கீழே பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் மின்சாரச் செலவு ஒன்றுதான். அதே பாட்டை இணையத்தில் போட்டால் பதிவு உரிமைக்கும் கட்ட வேண்டும், அதுவும் ஒரு பாட்டு, ஒரு நேயர் என்று தலைக்கணக்காக. 2007 மார்ச்சில் காப்பிரைட் ராயல்டி வாரியம் அறிவித்த கட்டணம் 2006ஆம் வருடத்துக்கு ஒரு பாட்டுக்கு ஒரு நேயருக்கு 0.08 சென்ட், அங்கிருந்து ஏறி ஏறி 2010இல் 0.19 சென்ட். பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். மணிக்கு 15 பாட்டு, எந்நேரமும் ஆயிரம் பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2006 கணக்கில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,05,000 டாலர். 2010 கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம். இது நானே போட்டுப் பார்த்த கணக்கு, வாக்ஸியின் பில் இல்லை, பிறகு சிறிய நிலையங்களுக்கென்று சமரசக் கட்டணங்களும் வந்தன. ஆனாலும் போகிற திசை தெரிகிறது அல்லவா? 2007 ஜூன் 26 அன்று ஏராளமான இணைய நிலையங்கள் எதிர்ப்புத் தெரிவித்து ஒரு நாள் மௌனமாக இருந்தது இதற்காகத்தான். எஃப்எம்மில் ஒரு நேயர் கூடினால் விளம்பரக் கட்டணத்தை ஏற்றலாம். இணையத்தில் ஒரு நேயர் கூடினால், அவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அங்கே விளம்பரம் கொடுக்க ஆளில்லை, ஆனால் ராயல்டியும் சர்வர் வாடகையும் மட்டும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் பீட்சா கடைக்காரர் என் காதுக்காக விளம்பரம் கொடுப்பாரா? நான் அவர்களுக்கு வெறும் செலவு. மாதச் சந்தா கேட்டுப் பார்த்தார்கள், போதவில்லை. 2006 செப்டம்பரில், அந்தக் கட்டண அறிவிப்பு வருவதற்கு முன்பே, இரண்டாம் முறை நின்றது.

உடனே லாலா டாட் காம் வாங்கியது. ஒரு டாலருக்குப் பழைய சிடிக்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள உதவிய தளம் அது. 2006 முடிவதற்குள் வாக்ஸி திரும்பி வந்துவிட்டது. பிறகு சின்சினாட்டியின் பொது வானொலியான டபிள்யூவிஎக்ஸ்யு தன்னுடைய எச்டி2 என்ற டிஜிட்டல் கிளை அலைவரிசையில் வாக்ஸியை ஒலிபரப்பியது, ஆக ஒரு சுற்றுச் சுற்றி ஊர்க்காற்றில் மறுபடி கேட்டது, எச்டி ரேடியோ பெட்டி வாங்கிய கொஞ்சம் பேருக்கு. 2009இல் லாலா அதை ஃப்யூச்சர் சவுண்ட்ஸ் என்ற நிறுவனத்துக்குக் கைமாற்றியது. அதே வருடக் கடைசியில் லாலாவை ஆப்பிள் வாங்கி, சில மாதத்தில் மூடியும்விட்டது.

ஃப்யூச்சர் சவுண்ட்ஸ் வாக்ஸியை டெக்சாஸின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோனது. காரணம் புரிகிறது: இசைக்குழுக்கள் எல்லாம் வந்துபோகும் ஊர், லவுஞ்ச் ஆக்டுக்கு ஆள் தேட வேண்டாம். ஆனால் ஒரு நேயராக எனக்கு அப்போதே ஏதோ விட்டுப்போனது. பாட்டுத் தேர்வு மாறவில்லை, குரல்களும் பெரும்பாலும் அதேதான். ஒஹாயோவைப் பார்த்திராத எனக்கு ஏன் அது உறுத்த வேண்டும் என்று கேட்கலாம். நான் உலகத்துக்கான நிலையத்தைத் தேடிப் போகவில்லை, அதுதான் பதில். வேறொருவர் ஊரின் நிலையத்தை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன், அந்த ஒட்டுக்கேட்பதில்தான் ருசி. ஆஸ்டினில் அது எல்லாருக்குமான ஒரு நல்ல இண்டி ஸ்ட்ரீம், அப்படிப்பட்டவை வேறு இருபது உண்டு. 2010 மார்ச் 23 அன்று, ஆஸ்டினின் பெரிய இசைத் திருவிழா முடிந்த கையோடு, பணமில்லை என்று சொல்லி நிறுத்தினார்கள். இந்தத் தடவை வாங்க யாரும் வரவில்லை.

97.7 அலைவரிசை மேசன் பக்கம் போன பிறகு 'லா மெகா' என்ற ஸ்பானிஷ் நிலையமாக ஆனது. வாஷிங்டன் பக்கத்து டபிள்யூஎச்எஃப்எஸ்ஸுக்கும் இதே கதைதான். 2005 ஜனவரி 12 நடுப்பகலில் ஜெஃப் பக்லியின் பாட்டோடு ராக் முடிந்து 'எல் ஸோல்' என்ற ஸ்பானிஷ் நிலையம் ஆரம்பித்தது. பாஸ்டனின் டபிள்யூஎஃப்என்எக்ஸ் 2012இல் 1 கோடியே 45 லட்சம் டாலருக்கு க்ளியர் சானலிடம் போனது. இதில் ஸ்பானிஷ் நிலையங்கள் மேல் கோபப்படுகிற ராக் ரசிகர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத ஜனங்களுக்கு ஒரு நிலையம் என்பதுதானே 1983இல் 97 எக்ஸ் செய்ததும்? சின்சினாட்டியில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நன்றாகக் கேட்கட்டும். என் ஆதங்கம் ஆக்ஸ்ஃபோர்டைப் பற்றி. 97 எக்ஸ் போன பிறகும் அந்த ஊரில் பல்கலைக்கழகத்தின் டபிள்யூஎம்யூபி என்ற பொது வானொலி மிச்சம் இருந்தது. 2009 மார்ச்சில் பல்கலைக்கழகம், செலவு கட்டுப்படியாகவில்லை என்று, அதன் பொறுப்பைச் சின்சினாட்டிக்காரர்களிடம் கொடுத்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் 88.5இல் அதற்குப் பிறகு ஒலிப்பது சின்சினாட்டியில் பேசுவதன் மறு ஒலிபரப்பு.